நுண்கணிதத்தை எங்கிருந்து ஆரம்பிப்பது: மேட்டூரிலிருந்தா, முடிவிலியிலிருந்தா?

பிள்ளை பத்தாவது முடித்து முதல் குரூப்பில் சேர்ந்தாகிவிட்டது. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் எல்லை, தொடர்ச்சி, வகையிடல், தொகையிடல் என்று வரிசையாக நுண்கணிதம் (கால்குலஸ்) வரப்போகிறது. பள்ளியில் அந்த வரிசையில்தான் நடத்துவார்கள், அதில் நாம் கை வைக்க முடியாது. ஆனால் அதற்கு முன்னால், வீட்டுத் திண்ணையிலோ சாயங்கால டியூஷனிலோ, ஒரு அக்காவோ சித்தப்பாவோ உட்கார வைத்து "இது என்ன சமாச்சாரம் தெரியுமா" என்று பேச ஆரம்பிக்கக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அந்தப் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. கும்பகோணம் பக்கத்தில் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவன் நான், என் கைக்கு எட்டிய வரையில் நாலு வழி இருக்கிறது: புத்தகத்தின் எல்லை, ஜெர்மன் கணிதர் லைப்னிட்ஸின் நுண்ணளவு, முடிவில்லாத தொடர்கள், அப்புறம் நியூட்டன் பிடித்த ஓட்டம் (எங்கள் பக்கத்தில் சொன்னால், மேட்டூர் அணைத் தண்ணீர்). முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புத்தகம் முதலில் வைத்திருப்பதை நான் கடைசியில் வைப்பேன்.

ஏன் இதைப் போய் இவ்வளவு யோசிக்க வேண்டும் என்றால், ஒவ்வொரு வழியிலும் நுழைவதற்கு முன் முடிவிலியைப் பற்றி ஏதோ ஒன்றுக்குத் தலையாட்ட வேண்டியிருக்கிறது. எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமலே ஆட்டிவிட்டால், இரண்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளை "நுண்கணிதமா, ஃபார்முலா மனப்பாடம் பண்ணணும், அவ்வளவுதான்" என்று சொல்லும். சொல்கிறார்கள், நிறையப் பேர்.

புத்தக வழியை முதலில் பார்த்துவிடலாம். ஒரு எண்ணை நெருங்க நெருங்கச் சார்பு (ஒரு எண்ணைப் போட்டால் இன்னொரு எண்ணைத் தருகிற விதி) எதை நெருங்குகிறதோ அதுதான் எல்லை என்று வகுப்பில் சொல்கிறோம். இதை எங்கள் பக்கத்துக் கடைமடை விவசாயியிடம் சொன்னால் பாடமே நடத்த வேண்டாம், ஏனென்றால் தண்ணீர் கல்லணை வந்துவிட்டது, தாண்டிவிட்டது, இதோ நெருங்கிவிட்டது என்று வருஷா வருஷம் கேட்டுக்கொண்டிருக்கிறவர் அவர், தன் வாய்க்காலில் வந்து சேர்ந்ததா என்பது வேறு விஷயம். வேடிக்கை என்னவென்றால் எல்லையின் இலக்கணமும் அதேதான். குறிப்பிட்ட அந்தப் புள்ளியில் சார்புக்கு என்ன மதிப்பு, மதிப்பு என்று ஒன்று உண்டா இல்லையா என்பதை எல்லை கண்டுகொள்வதே கிடையாது. அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு வேண்டும்.

1821-ல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி எழுதிய பாடநூலில் இந்த யோசனை ஓரளவு உருப்பெற்றது, பின்னால் ஜெர்மன் கணிதர் வயர்ஸ்ட்ராஸ் அதை எப்சிலான் (பொறுத்துக்கொள்கிற பிசகு), டெல்டா (எவ்வளவு கிட்டே நிற்க வேண்டும்) என்று இறுக்கிக் கட்டினார். உள்ளே இருப்பது ஒரு பேரம்தான். "விடை 20 என்கிறாயே, உண்மையிலேயே 20-தானா?" "எவ்வளவு பிசகு வரை பொறுத்துக்கொள்வாய், சொல்." "ஆயிரத்தில் ஒன்று." "சரி, இந்த அளவு கிட்டே வந்து நில், பிசகு அதைத் தாண்டாது." "லட்சத்தில் ஒன்று?" "இன்னும் கொஞ்சம் கிட்டே வா." எவ்வளவு சின்னப் பிசகைக் கேட்டாலும் பதில் சொல்ல முடிந்தால் எல்லை 20. இந்தப் பேரத்தில் முடிவிலி எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள், கிடைக்காது. எதுவும் ஓடவில்லை, எதுவும் நகரவில்லை, "நெருங்குகிறது" என்பதுகூட வாய்ப்பேச்சுக்குத்தான். முடிவில்லாததைப் பற்றிய படிப்பில் முடிவிலியையே வெளியே நிறுத்திவிட்டு, சாதாரண எண்களை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சாதித்துவிட்டார்கள். ("எவ்வளவு சின்னப் பிசகைக் கேட்டாலும்" என்கிற அந்த வாசகத்துக்குள் முடிவிலி ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒருவர் வம்புக்கு வரலாம். வரட்டும், நானும் அவர் பக்கம்தான்.)

இவ்வளவு நல்ல சரக்கை ஏன் முதலில் கொடுக்கக் கூடாது என்கிறேன்? கேள்வி வருவதற்கு முன்பே வந்து நிற்கிற பதில் அது. லைப்னிட்ஸ் நுண்கணிதத்தை அச்சில் வெளியிட்டது 1684-ல். கோஷியின் புத்தகம் வருவதற்குள் 137 வருஷம். அந்த இடைவெளியில் பெர்னூலி சகோதரர்கள், ஆய்லர், லக்ராஞ்ச் என்று பெரிய பெரிய ஆட்கள் இந்தப் பேரம் எதுவும் இல்லாமலேயே கோள்களின் பாதையையும் தொங்குகிற சங்கிலியின் வளைவையும் கணக்குப் போட்டுத் தள்ளினார்கள். அவர்களுக்கே ஒன்றரை நூற்றாண்டு தேவைப்படாத ஒன்று பதினாறு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே ஏன் தேவைப்படுகிறது என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டும். எதற்காக இந்தச் சுற்றிவளைப்பு என்று தெரியாமல் பிள்ளை என்ன செய்கிறது என்றால், எல்லைக் குறியைப் போட்டு, எண்ணைப் பிரதியிட்டு, விடையைக் கட்டம் கட்டிவிட்டுப் போகிறது. அந்த மாதிரிக் கணக்கில் எல்லைக்கு வேலையே இல்லை.

அடுத்தது லைப்னிட்ஸ். இதில் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு சதுர நாற்றங்கால். பரப்பு 100 சதுர மீட்டர். வரப்பை இரண்டு பக்கம் பத்து பத்து சென்டிமீட்டர் வெளியே தள்ளிப் போடுகிறோம். இப்போது பக்கம் 10.1, பரப்பு 102.01. கூடுதலாகக் கிடைத்த 2.01 எங்கே இருக்கிறது என்று பிள்ளையையே படம் போடச் சொல்லுங்கள்: நீளமாக இரண்டு பட்டை, ஒவ்வொன்றும் 1 சதுர மீட்டர், மூலையில் குட்டியாக ஒரு சதுரம், 0.01. தள்ளிய தூரம் 0.1 என்பதால், கூடிய பரப்பை அதனால் வகுத்தால் 20.1. இனி வரப்பை ஒரு சென்டிமீட்டர் மட்டும் தள்ளினால் 20.01. ஒரு மில்லிமீட்டர் தள்ளினால் 20.001. பட்டைகள் இரண்டும் எப்போதும் 20-ஐத் தருகின்றன, வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வருவது அந்த மூலைத்துண்டுதான். லைப்னிட்ஸ் என்ன சொல்கிறார் என்றால், வரப்பைத் தள்ளிய தூரம் எந்த எண்ணையும்விடச் சிறியது, ஆனால் பூஜ்யம் அல்ல என்று வைத்துக்கொள், பட்டையை வைத்துக்கொண்டு மூலையை விட்டுவிடு. விடை 20. எழுதத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு இது பத்து நிமிஷ வேலை.

மூலையை விட்டுவிடு என்று தஞ்சாவூர் ஜில்லாவில் வந்து அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியுமா என்ன! ராஜராஜன் காலத்து நில அளவையில் ஒரு வேலியில் 52,428,800,000-ல் ஒரு பங்கு வரைக்கும் கணக்கிட்டு வரி விதித்ததாகக் கல்வெட்டு அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்றைய காவிரி டெல்டா வழக்கப்படி குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி என்று போட்டால், அந்தப் பங்கு ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். அதில் ஒரு நெல்மணியைப் படுக்க வைக்க முடியாது. எந்தக் கோலை வைத்தும் யாரும் அதை அளந்திருக்க மாட்டார்கள். 320-ல் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர், முந்திரியில் முந்திரி, அதிலும் முந்திரி என்று கீழே இறங்கிக்கொண்டே போனால் கணக்கில் வந்து விழுகிற எண் அது: 320×320×320 போட்டு, அதை 1600-ஆல் பெருக்கிப் பாருங்கள், அப்படியே வரும். அதாவது அந்தத் துண்டு நிலம் வயலில் இல்லை, ஏட்டில் மட்டும் இருந்தது. லைப்னிட்ஸின் நுண்ணளவும் ஏட்டில் இருக்கிற பொருள்தான், அவரே அதைப் பயனுள்ள கற்பனை என்ற அளவில்தான் வைத்திருந்தார். ஒரே ஒரு வித்தியாசம், சோழர் கணக்கர் அந்தத் துணுக்கை விடாமல் எழுதி வைத்தார், ஜெர்மானியர் விட்டுவிட்டார்.

விட்டால் வருகிற சிக்கல் என்ன என்பதை என்னிடம் படித்த ஒரு பெண் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "சார், வகுக்கும்போது அது பூஜ்யம் இல்லேன்னீங்க. கடைசி வரியில பூஜ்யம் மாதிரி தூக்கிப் போடறீங்க. எது சார் நிஜம்?" 1734-ல் அயர்லாந்துப் பாதிரியார் பெர்க்லி இதே கேள்வியைத்தான் ஒரு சிறு நூலாக எழுதினார், மறைந்துபோன அளவுகளின் ஆவிகளா இவை என்று கிண்டலடித்தார். சமயத்தை வெறும் நம்பிக்கை என்று இளப்பம் பேசுகிற கணிதக்காரர்கள் இந்த ஆவியை மட்டும் எப்படி நம்புகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். பாதிரியார் கேட்டதிலும் இந்தப் பெண் கேட்டதிலும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, அவள் மட்டும் மரியாதைக்கு ஒரு "சார்" போட்டாள்.

இதற்கு நேரான பதில் 1960-களில்தான் வந்தது. ஆபிரகாம் ராபின்சன் என்பவர் தர்க்கவியலின் கருவிகளைக் கொண்டு, எந்த நேர்ம எண்ணையும்விடச் சிறிய, ஆனால் பூஜ்யம் அல்லாத எண்களை வழக்கமான எண்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம், முரண்பாடு எதுவும் புதிதாக வராது என்று காட்டினார். அந்தக் கணக்கில் மூலைத்துண்டைத் தூக்கிப் போடுவதில்லை. விடை 20-ம் கூடவே ஒரு நுண்ணளவும் என்று வருகிறது, அதற்கு மிக அருகில் இருக்கும் சாதாரண எண்ணை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். 1976-ல் கைஸ்லர் என்பவர் இந்த முறையிலேயே கல்லூரி மாணவருக்கு முழுப் பாடநூல் போட்டார். இன்னொரு கோஷ்டி இருக்கிறது, அவர்கள் மூலைத்துண்டு மெய்யாகவே பூஜ்யம், பட்டையின் அகலத்தை மட்டும் பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது என்கிறார்கள். ஆனால் அதற்கு "ஒன்று பூஜ்யம், இல்லாவிட்டால் பூஜ்யம் இல்லை, இரண்டில் ஒன்று கட்டாயம்" என்கிற விதியையே கைவிட வேண்டும். சாயங்காலம் ஆறரை மணிக்குப் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்ல நான் தயாரில்லை.

எனவே நுண்ணளவு வழியின் கணக்கு வழக்கு இப்படி நிற்கிறது. கை வேலைக்கு இதைப்போல ஒன்றில்லை, சங்கிலி விதி, பிரதியிட்டுத் தொகையிடல் எல்லாம் இதில் வெறும் பின்னச் சுருக்கம் போல ஓடும், நாளைக்கு இன்ஜினியரிங் போனால் அங்கே சின்னக் கட்டம், சின்ன வளையம் என்று வெட்டிக் கூட்டுவது முழுக்க இதுதான். அடித்தளம் கேட்டால் மட்டும் பதில் ரொம்ப உயரத்தில் இருக்கிறது. "அப்புறம் சொல்றேன்" என்று சொல்லத் துணிச்சல் உள்ளவர்களுக்கான வழி.

மூன்றாவது வழி முடிவில்லாத தொடர்கள். இதில் மயக்கம் அதிகம், எங்கள் ஊரில் இன்னும் அதிகம், சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவர் ஒருவர் இருந்தாரே! ஆனால் ராமானுஜனுக்கு முன்னால் மேற்கே ஒரு எட்டுப் போய்வர வேண்டும். கேரளத்தில் சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டில் பிறந்தவர். 1-லிருந்து மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி என்று போய்க்கொண்டே இருந்தால் பை (π) என்கிற எண்ணில் கால் பங்கு வரும் என்பது அவர் பெயரால் வழங்குகிற தொடர். 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷாவில் இதற்கு நிரூபணமே இருக்கிறது, வட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் கூட்டுகிற நிரூபணம். லைப்னிட்ஸ் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. தொடர் அழகுதானே தவிர நடை ரொம்ப மந்தம், ஆயிரம் உறுப்பு கூட்டினால் 3.1406-ல் நிற்கும். மாதவர் வழிவந்தவர்கள் அதற்கும் பரிகாரம் வைத்திருந்தார்கள், கூட்டலை எங்கே நிறுத்தினாலும் மிச்ச வாலுக்கு ஈடாக ஒரு திருத்தத்தைச் சேர்த்தார்கள். பையின் மதிப்பு 11 தசம இடம் வரை சரியாக அவர்களிடம் இருந்தது.

தொடர் வழியின் ஆபத்து என்ன என்பதை ராமானுஜனின் ஒரு புதிரை வைத்தே காட்டலாம். 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் விட்ட கேள்வி இது: √(1+2√(1+3√(1+4√(1+…)))) எவ்வளவு? விடை 3. எப்படி வருகிறது என்று பிள்ளைக்குக் காட்டினால் கண் விரியும். 3 என்பது √9, அதாவது √(1+2×4). அந்த 4 என்பது √16, அதாவது √(1+3×5). அந்த 5 என்பது √25, √(1+4×6). 6, 7, 8 என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். கை தட்டலாம்.

தட்டுவதற்கு முன் ஒரு நிமிஷம். இதே வித்தையை 4-ஐ வைத்துச் செய்து பாருங்கள். 4 என்பது √16, அதாவது √(1+2×7.5). அந்த 7.5 என்பது √56.25, அதாவது √(1+3×18.4166…). அந்த 18.41… என்பது ஏறக்குறைய √339.17, அதாவது √(1+4×84.54…). இதுவும் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது, இதிலும் 2, 3, 4 எல்லாம் அதே இடத்தில் இருக்கின்றன, கடைசியில் மூன்று புள்ளி வைத்துவிட்டால் அதே கோவைதான். அப்படியென்றால் விடை 4-ஆ? 3-ஆ? எந்த எண்ணை வைத்துக்கொண்டும் இந்த வித்தையைச் செய்யலாமே!

வித்தியாசம் மூன்று புள்ளிக்குள் இருக்கிறது. முதல் வரிசையில் ஆக உள்ளே கிடக்கிற எண் 4, 5, 6, 7 என்று நிதானமாக நடக்கிறது. இரண்டாவதில் 7.5, 18.4, 84.5, அடுத்து ஆயிரத்து நானூறுக்கு மேல் என்று வெறிபிடித்து ஓடுகிறது. வர்க்கமூலம் எவ்வளவுதான் அமுக்கினாலும் அந்த வாலை வெட்டி எறிய முடியாது, எறிந்தால் விடை மாறிவிடும். முதல் வரிசையின் வாலை வெட்டி எறிந்தாலும் விடை 3-ஐ விட்டு நகராது என்று நிரூபிக்கலாம். நிரூபிக்க என்ன வேண்டும்? அந்தப் பழைய பேரம் வேண்டும், எவ்வளவு பிசகு, எவ்வளவு உள்ளே என்று. எல்லை என்ற சங்கதிக்கு வேலை வருகிற இடம் இதுதான், பிரதியிட்டுக் கட்டம் கட்டுகிற கணக்கில் அல்ல.

1+2+3+4 என்று முடிவில்லாமல் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று என்பதையும் பிள்ளை யூடியூபில் பார்த்துவிட்டு வந்து கேட்கும். ராமானுஜன் 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டு, இதைக் கேட்டால் என்னைப் பைத்தியக்கார விடுதிக்குத்தான் போகச் சொல்வீர்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். "என் கோட்பாட்டின்படி" என்று ஒரு வார்த்தை அந்த இடத்தில் இருக்கிறது, வீடியோக்காரர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கூட்டல் என்பதற்கே வேறு பொருள் வைத்துக்கொண்டு சொன்னது அது. வழக்கமான கூட்டல்படி அந்தத் தொடருக்குக் கூட்டுத்தொகை கிடையாது. 0.999… என்பது 1-தானா என்பதும் இந்த ரகம்தான், வழக்கமான எண்களில் ஆம், 1-தான், அதில் சண்டை போட இடமில்லை.

ஆகவே தொடர்களை முதல் பாடமாக வைக்காதீர்கள், விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணக்கை ருசிக்காகப் படிக்க வருகிறவர் யாராவது இருந்தால் மட்டும் அவரை நேராக இந்த வழியில் அனுப்புவேன். அவருக்குத் தேர்வு இல்லை, அவசரமும் இல்லை, 1+1/2+1/3 என்று கூட்டிக்கொண்டே போனால் 10-ஐத் தாண்ட 12,367 உறுப்பு வேண்டும், 20-ஐத் தாண்ட 27 கோடிக்கு மேல் வேண்டும், இருந்தும் அது எந்த எண்ணையும் ஒரு நாள் தாண்டியே தீரும் என்பதைக் கேட்டுவிட்டு ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியும்.

பதினோராம் வகுப்புக்கு? மேட்டூர்.

1665, 1666 வாக்கில் நியூட்டன் இந்தக் கணக்கைப் பிடித்தபோது அவர் மனசில் இருந்தது பாய்கிற அளவுகள், அவை பாய்கிற வேகம். டெல்டாப் பிள்ளைக்கு இதைவிடப் பழகிய விஷயம் வேறு உண்டா? ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்பதில் ஆரம்பித்து, காலை 8 மணி நிலவரப்படி நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி, திறப்பு இத்தனை, நீர்மட்டம் இத்தனை அடி, நீர் இருப்பு இத்தனை டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று தினமும் தாத்தா பேப்பரில் படிக்கிறார், டீக்கடையில் அதை வைத்து வாதம் நடக்கிறது. வினாடிக்கு இத்தனை கன அடி என்பது வேகம், டிஎம்சி என்பது சேர்ந்த அளவு. ஒன்று வகைக்கெழு, இன்னொன்று தொகை. பெயர் தெரியாமலே இரண்டையும் வைத்துக்கொண்டு ஊரே பேசுகிறது.

பேச்சில் எங்கே பிசகுகிறது என்பதிலிருந்து பாடத்தை எடுக்கலாம். திறப்பு சீராக வினாடிக்கு 12,000 கன அடி என்று வைத்துக்கொள்வோம். வரத்து முதல் நாள் 40,000, மறுநாள் 30,000, மூன்றாம் நாள் 20,000. "வரத்து பாதியா குறைஞ்சு போச்சு, அணை இறங்கிடும்" என்று ஒருவர் கவலைப்படுகிறார். இறங்காது, ஏறும். மூன்றாம் நாளும் உள்ளே வருவது வெளியே போவதைவிட 8,000 கன அடி அதிகம். ஒரு நாளுக்கு 86,400 வினாடி, மூன்று நாளின் உபரியையும் தனித்தனியே பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய 4.67 டிஎம்சி சேர்ந்திருக்கிறது. (ஒரு குறுக்குவழி: நாள் முழுக்க 11,574 கன அடி ஓடினால் ஏறக்குறைய ஒரு டிஎம்சி.) ஏறுகிற வேகம் குறைகிறது என்பதும், இருப்பு குறைகிறது என்பதும் வேறு வேறு சங்கதி, இந்த ஒரு வேற்றுமையைப் பிடித்துவிட்ட பிள்ளைக்குப் பாதி நுண்கணிதம் வந்துவிட்டது. வரத்து 12,000-க்கு வந்து நிற்கிற அன்று மட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, அதற்கு மேலும் வரத்து குறைந்தால் அன்று தொட்ட மட்டம்தான் உச்சம். உச்சத்தில் வகைக்கெழு பூஜ்யம் என்று புத்தகத்தில் வருவதை இனி மனப்பாடம் செய்ய வேண்டாம்.

கூடவே இன்னொன்றும் கிடைக்கிறது. அணையின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அடிக்கு 0.78 டிஎம்சி என்று சராசரி போட்டுவிட்டால் கணக்கு உதைக்கும், ஏனென்றால் நீர்த்தேக்கம் மேலே போகப் போக விரிகிறது, 60 அடியில் ஒரு அடி ஏற ஆகிற தண்ணீர் 110 அடியில் ஒரு அடி ஏறப் போதாது. தண்ணீர் நேரத்தோடு மாறுகிறது, மட்டம் தண்ணீரோடு மாறுகிறது, அப்படியென்றால் மட்டம் நேரத்தோடு எப்படி மாறும் என்று கேட்டால் அதுதான் சங்கிலி விதி. பிறகு, வரத்து நாள் முழுக்க ஒரே அளவாகவா இருக்கும், காலை 8 மணிக்குப் பார்த்த எண்ணை வைத்து நாள் முழுவதையும் பெருக்கலாமா என்று பிள்ளையே கேட்கும். மணிக்கு ஒருமுறை பார்க்கலாம், நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கலாம், இன்னும் பொடியாக்கலாம். தொகையிடல் அங்கே முளைத்துவிடுகிறது.

இந்த வழியில் எதற்குத் தலையாட்டுகிறோம்? "இந்தக் கணத்தில் வினாடிக்கு 20,000 கன அடி" என்ற வாக்கியத்துக்கு. யோசித்தால் இது ரொம்ப விசித்திரமான வாக்கியம். கணம் என்பதற்கு நீளமே இல்லை என்றால் அந்தக் கணத்தில் மதகு வழியாக எத்தனை கன அடி போனது? பூஜ்யம். எவ்வளவு நேரத்தில்? பூஜ்யம். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்து 20,000 எப்படி வந்தது? பறக்கிற அம்பு ஒவ்வொரு கணத்திலும் அசையாமல்தானே நிற்கிறது என்று கிரேக்கத்தில் ஜீனோ கேட்டது இதே வம்புதான். இதற்கு மேல் போனால், ஒரு கன அடித் தண்ணீர் என்பது 28 லிட்டர் சொச்சம், அதில் மூலக்கூறுகள் 10-இன் 26-ஆம் அடுக்கைவிட ஒன்பது மடங்குக்கு மேல் இருக்கின்றன. வாயில் நுழையாத எண்தான், ஆனாலும் முடிவுள்ள எண். ஆகவே ஆற்றில் முடிவிலி கிடையாது, ஓடுகிற தண்ணீர் அவ்வளவு வழவழப்பாகவும் இல்லை, முடிவில்லாமல் பொடியாக்கலாம் என்பது நாம் கணக்குக்காகத் தண்ணீர் மேல் ஏற்றி வைத்த குணம். எனக்கு இந்தத் தலையாட்டல் மற்ற மூன்றையும்விடச் சுலபமாக இருக்கிறது, ஏனென்றால் எதற்குத் தலையாட்டினோம் என்பது பிள்ளைக்கே தெரிகிறது, தெரிந்தே ஆட்டுகிறது.

ஆக, என் வரிசை: மேட்டூரில் ஆரம்பியுங்கள், கணக்குப் போடும் பழக்கத்துக்கு நாற்றங்காலைப் பிடியுங்கள், தொடர்களை இடையிடையே விளையாட விடுங்கள். "அது பூஜ்யமா இல்லையா", "ஏன் 4 இல்லை", "ஒரு கணத்தில் எவ்வளவு தண்ணீர்" என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைப் பிள்ளை தானாகக் கேட்கிற அன்று எல்லையை எடுத்து வையுங்கள். கேட்காவிட்டால் நீங்களே அந்த 4-ஐப் போட்டுக் குழப்பிவிடுங்கள், குழம்பினால்தான் கேட்கும். கல்லூரியில் கணிதமே எடுத்துப் படிக்கப் போகிறேன் என்று இப்போதே சொல்கிற பிள்ளையாக இருந்தால் மட்டும் எப்சிலான் பேரத்தைச் சீக்கிரமே விளையாட்டாக ஆரம்பித்துவிடலாம், அது அவர்களுக்குப் பிடிக்கிறது, பேரம் பேசுவதில் ஜெயிக்கிற ஆசைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தேர்வுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, இப்போதுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம், புத்தக வரிசையிலேயே போங்கள். முதற் கொள்கையைப் பயன்படுத்தி வகைக்கெழு காண்க என்று வந்தால் எல்லைக் குறியைக் கடைசிப் படி வரைக்கும் ஒவ்வொரு வரியிலும் எழுதச் சொல்லுங்கள், பாதியில் விட்டால் மதிப்பெண் போகும்.